வித்தியாசம்: இல்லை

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நன்னெறி.
கணக்கு டீச்சர் சும்மாதானே இருக்கிறார் என்று
டைம்டேபிளில் என் பெயரை எழுதிவிட்டார்கள்.
தங்கச்சிமடத்தில் அந்த நேரம்
ஐஸ் கம்பெனி லாரிகள் பின்னால் வரும் நேரம்.
அந்தச் சத்தத்துக்கு நடுவே
'உண்மை' என்று போர்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.
"இதுக்கு மார்க் உண்டா டீச்சர்?" என்றான் கெபிஸ்டன்.
உண்டு, ஐந்து.
எல்லோரும் நோட்டைத் திறந்தார்கள்.

செப்டம்பரில் சுற்றறிக்கை வந்தது:
பள்ளிதோறும் நேர்மை அங்காடி.
கடைக்காரர் இருக்கக் கூடாது.
மாடிப்படிக்குக் கீழே கால் ஆடும் மேசை,
ரப்பர் மூன்று ரூபாய், ரீபில் ஐந்து, ஸ்கேல் பத்து,
மூடியைக் கத்தியால் கீறிய பிஸ்கட் டப்பா.
சுவரில் பெரிதாக ஒரு கண் வரையட்டுமா
என்று கேட்டார் டிராயிங் சார்.
வேண்டாம் என்றேன்.
அந்த மாதம் நான் உருப்படியாகச் சொன்னது
அது ஒன்றுதான்.

எண்ணுவதற்கு ஏழாம் வகுப்பு நம்புச்செல்வி.
காசைக் கையில் அள்ள மாட்டாள்.
மேசை விளிம்புக்கு இழுத்து
இரண்டிரண்டாகத் தள்ளுவாள்,
ஏலத்தில் நண்டு எண்ணுகிறவர்களைப் போல.
முதல் வாரம் சரி.
இரண்டாம் வாரமும் சரி.
மூன்றாம் வாரம் புயல் கூண்டு ஏறி
ஆறு நாள் படகு போகவில்லை.
பதினான்கு ரூபாய் குறைந்தது.
"இன்னொரு தடவ எண்ணுவோம் டீச்சர்."
எண்ணினோம். பதினான்கு.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார்.
ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"பதினாலு ரூவாயில
பள்ளிக்கூடத்துப் பேரு போயிடக் கூடாது பாருங்க."
என் பர்ஸில் ஒரு பத்து, இரண்டு இரண்டு ரூபாய்.
நம்புச்செல்வி அந்தப் பக்கம் திரும்பி
ஏற்கெனவே அடுக்கிய ரப்பர்களை
மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.
பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்:
வித்தியாசம்: இல்லை.
என் கையெழுத்து அழகு.
எல்லோரும் சொல்வார்கள்.

அதிகாரி வந்தார். டப்பாவோடு போட்டோ.
"கேமரா இல்ல, காவல் இல்ல, ஒத்தப் பைசா குறையல!"
கை தட்டினார்கள்.
நம்புச்செல்வியும் தட்டினாள்.
மற்றவர்கள் நிறுத்திய பிறகும்
ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டது.

அடுத்த வெள்ளி.
காற்று விழுந்து படகுகள் போய் வந்திருந்தன.
டப்பாவைக் கவிழ்த்தோம்.
விற்றதற்கு மேல் ஒன்பது ரூபாய்.
ஒரு நாணயத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.
அப்புறம், மஞ்சளாக,
இலங்கைக் காசு, ஐந்து ரூபாய்.

யார் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்ததோ,
மண்டபம் முகாமில்
யார் முந்தானை முடிச்சில் இருந்ததோ,
அக்கரைச் சிறையிலிருந்து திரும்பிய
எவருடைய சட்டைப் பையில் மிஞ்சியதோ.
ஏமாற்றத்தான் போட்டார்களா,
இருந்ததே அதுதானா.
ஒன்பதும் ஐந்தும் பதினான்கு என்று
நம்புச்செல்வியின் உதடு கூட்டியதைப் பார்த்தேன்.
"இது செல்லுமா டீச்சர்?"

லாப நட்டம், வட்டி, விகிதம்
இருபது வருடமாக நடத்துகிறேன்.
பதிவேட்டைத் திறந்தேன்.
போன வாரத்து வரி
காய்ந்து, கறுத்து, அழகாக இருந்தது.
எதுவுமே குறையவில்லை என்றால்
திரும்பி வந்திருக்கும் இது எது?
எடுத்தவர்கள் கொண்டுவந்து வைத்ததை
வைக்க
என் பக்கத்தில் இடமில்லை.

அடித்துவிட்டு எழுத வேண்டும்:
குறைவு பதினான்கு, போட்டது நான்.
ஹெச்.எம். பேசுவார்.
பேசட்டும் என்று சொல்லுகிற தைரியம்
இன்னும் முழுசாக வரவில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அத எழுத எந்தக் கட்டம் டீச்சர்?"
கட்டமே இல்லை.
புதிதாக ஒன்று போட வேண்டும்.
ஸ்கேலைக் கேட்டேன்.
மேசையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு
டப்பாவைக் கண்ணால் காட்டினாள்:

"பத்து ரூவா டீச்சர்."